ஆடிக் காற்றில் ஒரு மின்கார்ப் பயணம்

2025 ஆகஸ்ட் 14, வியாழன்: மேடவாக்கம் முதல் திருச்சி வரை

திருநெல்வேலிக்குத் தெற்கே பணகுடியில் அத்தை மகன் புது வீடு கட்டி முடித்திருக்கிறார். ஆவணி பிறக்கிற ஞாயிற்றுக்கிழமை பால்காய்ச்சு. நாளை சுதந்திர தினம், ஒட்டினாற்போல் சனி, ஞாயிறு. சென்னை மொத்தமும் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாடு முடித்து ஒன்றரை மணிக்குப் புறப்பட்டும் பெருங்களத்தூரைத் தாண்ட மூன்றாகிவிட்டது.

துணைக்கு அப்பா. மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மின்கார் வாங்கியதிலிருந்தே இதில் ஒரு தடவை நெல்லைப் பக்கம் போய்வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியில் 40 யூனிட் பேட்டரி. எண்பது, எண்பத்தைந்து வேகத்தில் போனால் 250 கிலோமீட்டர் நிச்சயம். மின்காரைப் பற்றி விசாரிக்கிற எல்லாரும் முதலில் கேட்பது இந்தக் கணக்கைத்தான். எனக்கு அதில் ஒருநாளும் கவலை இருந்ததில்லை. போய் நிற்கிற இடத்தில் சார்ஜர் வேலை செய்யுமா என்பதுதான் கவலை.

மதுராந்தகம் தாண்டியதும் ஒரு டிகிரி காபிக் கடை. பித்தளை டபராவில் காபி 40 ரூபாய், வாழைப்பூ வடை 20. வடை நன்றாக இருந்தது. காபியில் சிக்கரி தூக்கல்.

விக்கிரவாண்டிக்கு ஆறேமுக்காலுக்கு வந்தோம். பேட்டரியில் 42 சதவீதம். ஓட்டல் வளாகத்துச் சார்ஜரின் துப்பாக்கியை, அதாவது ஒயர் நுனியில் உள்ள பிளக்கை, காரில் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. அப்பா இறங்கி நேராக ஓட்டலின் பின்பக்கம் போய்விட்டார். திரும்பி வந்து, "தனி டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருக்கான். எர்த் குழிக்கு மூடி போட்டுத் தேதி எழுதி வச்சிருக்கான். இது ஓடும்மா" என்றார். ஓடியது. இட்லியும் கெட்டிச் சட்னியும் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது 85 சதவீதம். ஏறியது 18 யூனிட். யூனிட் 22 ரூபாய் வீதம் 396, அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 467 ரூபாய்.

அந்த 18 சதவீதம் எனக்கு ஒப்பவில்லை. மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மின்காருக்கு 2019 ஆகஸ்டில் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள், சார்ஜர் கருவிக்கும் 18இலிருந்து 5 ஆக்கினார்கள். அந்தக் கருவி வழியாக அதே மின்சாரம் காருக்குள் போனால் மட்டும் அது 'சேவை' ஆகி 18 சதவீதம் வந்துவிடுகிறது. வீட்டில் சார்ஜ் போட இடம் உள்ளவர் இந்த வரியைக் கட்டுவதில்லை. வீட்டில் இடம் இல்லாத, மொட்டை மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறவர் கட்டுகிறார்.

பெரம்பலூர் நெருங்கும்போது மணி பத்து. ஆப் காட்டிய அடுத்த சார்ஜர் ஒரு சாலையோர ஓட்டலில் இருந்தது. ஆப்பில் பச்சைப் புள்ளி, 'தயார்' என்று எழுத்து. நேரில் போனால் திரை கறுப்பாகக் கிடந்தது. ஒயரைச் சுற்றி மாட்டியிருந்த கொக்கியில் யாரோ துண்டு காயப் போட்டிருந்தார்கள். காவல் இருந்த பெரியவர் அப்பாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். "இது எங்க ஓட்டல் சாமான் இல்லைங்க. வச்சுட்டுப் போயிட்டாங்க. மழைக்கு முன்னாடியே நின்னு போச்சு. வர்றவங்கெல்லாம் என்னையத்தான் கேக்குறாங்க" என்றார். அவர் குரலில் நிஜமான வருத்தம். யாரைக் கூப்பிடுவது என்று கேட்டேன். சார்ஜரின் பக்கவாட்டில் வெயிலில் வெளுத்துப்போன ஸ்டிக்கர் ஒன்றைக் காட்டினார். எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் உரிந்திருந்தது.

வச்சுட்டுப் போயிட்டாங்க. வண்டி ஓட்டும்போது எனக்குள் இது ஓடிக்கொண்டே இருந்தது.

மீதியிருந்ததை வைத்துத் திருச்சி போய்விடலாம். ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டோம். நாளை ஆடிக் கடைசி வெள்ளி என்பதால் சமயபுரத்தில் ஒரு லாட்ஜிலும் அறை இல்லை. ஒரு வரவேற்பு மேசைத் தம்பி மட்டும் தானாகவே திருச்சியில் தெரிந்த இடத்துக்குப் போன் போட்டு அறை சொல்லிவைத்தார், காசு எதுவும் வாங்கிக்கொள்ளாமல். மத்திய பேருந்து நிலையம் பக்கம், 1,600 ரூபாய். உள்ளே போகும்போது நள்ளிரவுக்குச் சற்று முன்பு. பேட்டரி 15 சதவீதம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி: திருச்சி முதல் மதுரை வரை

காலையில் லாட்ஜுக்குக் கீழே உள்ள மெஸ்ஸில் பொங்கல், வடை, 70 ரூபாய். தொலைக்காட்சியில் செங்கோட்டை உரை. ஜி.எஸ்.டி.யில் பெரிய மாற்றம் தீபாவளிக்குள் வரும் என்று பிரதமர் சொன்னபோது பக்கத்து மேசையில் ஒருவர் பைக் விலை குறையுமா என்று கேட்டார். சார்ஜ் போடுவதற்கான வரியும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் இருந்தால் இதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

புறவழிச்சாலையில் ஒரு சார்ஜர் நன்றாக வேலை செய்தது. ஆனால் அதற்கென்று ஒரு புது ஆப், அதில் ஒரு பர்ஸ், அந்தப் பர்ஸில் குறைந்தது 300 ரூபாய் போட்டாக வேண்டும். எனக்கு ஏறியது 540 ரூபாய்க்கு. மறுபடி ஒரு 300. மீதி 60 ரூபாய் உள்ளேயே தங்கிவிட்டது. இப்படி என் போனில் பல ஆப்களில் சில்லறை சில்லறையாகப் பணம் கிடக்கிறது. எதிரே இளநீர் விற்ற அம்மாவின் வண்டியில் கியூஆர் அட்டை தொங்கியது, காசு விழுந்தவுடன் பெட்டி தமிழில் சொல்லியது. இளநீர் 50 ரூபாய், ஒரு நொடியில் முடிந்தது. அதே யூபிஐ-யைச் சார்ஜரில் நேரடியாக வைக்க என்ன தடை? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரல் முதல் புதிதாக வைக்கிற 50 கிலோவாட்டும் அதற்கு மேலுமான சார்ஜர்களில் வங்கி அட்டையைக் காட்டிப் பணம் கட்ட வசதி இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. இங்கே எல்லாச் சார்ஜருக்கும் ஒரே ஆப் கொண்டுவரும் பேச்சில் கடந்த மே மாதம் பி.எச்.இ.எல். பெயர் அடிபட்டது. திருவெறும்பூரில் இவ்வளவு பெரிய ஆலை உள்ள நிறுவனம். சீக்கிரம் செய்யட்டும்.

விராலிமலையில் மயில் பார்க்க நிற்கலாம் என்றேன். வெயிலுக்கு மயில் எங்கே வெளியே வரும் என்று அப்பா தடுத்துவிட்டார். துவரங்குறிச்சிக்கு அப்புறம் ஒரு அம்மன் கோயில் வாசலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நிறுத்திய காரின் பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு ஒரு பையன் ஓடிவந்து, "கரண்ட் வண்டியாக்கா?" என்று கேட்டான். கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியல். அப்பா இரண்டு சொம்பு குடித்தார்.

மதுரை சுற்றுச்சாலையில் உள்ள சார்ஜருக்கு வந்தபோது எங்களுக்கு முன்னால் நான்கு வண்டிகள். துப்பாக்கி இரண்டு, அதில் ஒன்றின் மேல் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. ஆக, வேலை செய்வது ஒன்று. ஆளுக்கு முக்கால் மணி என்றாலும் கணக்குப் போட்டால் மூன்று மணி நேரம்.

இந்தப் பயணத்தில் மனசுக்கு நிறைவாக இருந்தது இந்த மூன்று மணி நேரம்தான். வரிசை என்று எழுதி வைக்க அங்கே யாரும் கிடையாது. வந்தவர்களே தங்களுக்குள் பேசி ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள். கோவையிலிருந்து ராமேசுவரம் போகிற ஒரு குடும்பம் டிக்கியைத் திறந்து, கைமுறுக்கும் தேங்காய்ப் பர்பியும் இருந்த தூக்கை எல்லாரிடமும் நீட்டியது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு டாக்சிக்காரத் தம்பி, சவாரி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறவர், "நீங்க வயசானவரோட வந்திருக்கீங்க, முன்னாடி போங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் பிழைப்பு அது.

ஒரே ஒருவர் மட்டும் நூறு சதவீதம் ஏற்றாமல் நகரமாட்டேன் என்றார். எண்பதுக்கு மேல் பேட்டரி தன்னைக் காத்துக்கொள்ள ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி இருபதுக்கு ஆகிற நேரத்தில் இன்னொரு வண்டி பாதிக்கு மேல் ஏற்றிவிடலாம். அதைக் கோவை அம்மா கோபப்படாமல் எடுத்துச் சொன்னார். அவர் கொஞ்சம் யோசித்தார், 84இல் கழற்றிக்கொண்டார், போகும்போது எல்லாருக்கும் கைகூப்பிவிட்டுப் போனார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அரசு நடைமுறைப்படுத்தத் தவறியதை அங்கே மக்கள் தங்கள் பொறுமையால் ஈடுகட்டிக்கொண்டிருந்தார்கள். மத்திய மின்துறை வழிகாட்டுதலில் எல்லாம் இருக்கிறது. சார்ஜ் போட்டுக் கொடுப்பது மின்சாரம் விற்பதாகாது, உரிமம் வேண்டாம் என்று 2018லேயே தெளிவுபடுத்திவிட்டார்கள். நல்ல முடிவு அது, இல்லையென்றால் தனியார் யாரும் இந்தத் தொழிலுக்கு வந்திருக்க மாட்டார்கள். நெடுஞ்சாலையில் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று, நகரத்தில் மூன்றுக்கு மூன்று கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒன்று என்று 2022 வழிகாட்டுதலில் எழுதியிருந்தார்கள். 2023 மார்ச்சில் எண்ணெய் நிறுவனங்களின் பங்க்குகளில் 7,432 விரைவுச் சார்ஜர்கள் வைக்க 800 கோடி ஒதுக்கினார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 10,900 கோடி, அதில் 2,000 கோடி சார்ஜருக்கு மட்டும். இலக்கு 72,300 சார்ஜர், கார்களுக்கானது அதில் 22,100.

இந்த எண்கள் எல்லாமே எத்தனை வைத்தோம் என்ற கணக்கு. வைத்ததில் எத்தனை இன்றைக்கு வேலை செய்கிறது என்று கேட்டால்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பலன். அமெரிக்காவில் நெடுஞ்சாலைச் சார்ஜருக்கு மத்திய அரசுப் பணம் வாங்கினால் வருடத்தில் 97 சதவீத நேரம் அது வேலை செய்ய வேண்டும் என்று 2023இல் விதி போட்டார்கள். பிரிட்டனில் விரைவுச் சார்ஜர் நடத்துகிறவருக்கு 99 சதவீதம், தவறினால் அபராதம். பிளாஸ்டிக் பை கட்டிய அந்த இன்னொரு துப்பாக்கி என்றைக்கோ வைத்த கணக்கில் ஏறியிருக்கும். அது இன்று ஓடவில்லை என்பது எந்தக் கணக்கில் ஏறும்?

இருட்டிய பிறகு ஊருக்குள் வந்தோம். வெள்ளிக்கிழமை என்பதால் அப்பா கறி தோசைக்குச் சம்மதிக்கவில்லை. விளக்குத்தூண் அருகில் ஜிகர்தண்டா, 60 ரூபாய், கடற்பாசி நிறையப் போட்டது. தங்கிய விடுதியில் மேலாளர் யோசிக்கவே இல்லை. ஜெனரேட்டர் அறைப் பக்கம் உள்ள 15 ஆம்ப் பிளக்கைக் காட்டி, "நைட்டெல்லாம் போட்டுக்கங்கம்மா, 250 ரூபா குடுங்க போதும்" என்றார். என் சொந்தக் குடியிருப்பில் என் பார்க்கிங்கில், என் மீட்டரிலிருந்து ஒரு ஒயர் இழுக்கச் சங்கத்திடம் ஒப்புதல் வாங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. தீப்பிடிக்கும் என்றார்கள், முன்னுதாரணம் ஆகிவிடும் என்றார்கள். மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் 2019இலேயே பார்க்கிங்கில் 20 சதவீதத்துக்குச் சார்ஜ் வசதி வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். ஆனால் அது இனிக் கட்டுகிற கட்டடத்துக்கு. ஏற்கெனவே கட்டிய குடியிருப்பில் வாழ்கிறவருக்கு, 'உன் சொந்தச் செலவில் வைத்துக்கொள், சங்கம் மறுக்க முடியாது' என்று ஒரு வரிச் சட்டம் வேண்டும். அந்த ஒரு வரி வந்தால் சென்னையில் மட்டும் எத்தனை பேர் மின்வண்டிக்கு மாறுவார்கள்!

ஆகஸ்ட் 16, சனி: மதுரை முதல் பணகுடி வரை

காலையில் நூறு சதவீதம். பணகுடிக்கு 210 கிலோமீட்டர் போல. சாதாரண நாளில் நிற்காமலேயே போய்விடலாம். ஆனால் இது ஆடி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! கோவில்பட்டி தாண்டிய பிறகு காற்று இடுப்பில் பிடித்துத் தள்ளுவது மாதிரி வண்டியைத் தள்ளியது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கிலோமீட்டருக்குச் செலவாகிற சார்ஜ் ஏறிக்கொண்டே போனது.

முன்னதாக, சாத்தூரில் காரச் சேவு கால் கிலோ 80 ரூபாய். கோவில்பட்டியில் கடலைமிட்டாய். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய பிறகு எல்லாக் கடையிலும் அதைப் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறார்கள். கடைக்கார அண்ணாச்சி பாக்கெட்டைப் பிரித்து ஒரு வில்லையை அப்பா கையில் கொடுத்து, "சாப்பிட்டுப் பாத்துட்டு வாங்குங்க" என்றார். வெல்லப்பாகின் பதம் சரியாக இருந்தது. அத்தை வீட்டுக்குச் சேர்த்து இரண்டு கிலோ.

கயத்தாறு. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். இப்போது சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள், கண்ணுக்கெட்டின தூரம் வரை, இன்று எல்லாமே முழு வேகத்தில். அவற்றின் நிழல் தார்ச் சாலையில் ஓடி ஓடி மறைந்தது. இந்தக் காட்டுக்கு நடுவில் ஒரு சார்ஜரில் நிறுத்தினேன். செருகினேன், தொடங்கியது, நான்கு நிமிடத்தில் சிவப்பு. மறுபடி தொடங்கியது, மறுபடி சிவப்பு. ஒட்டியிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் இந்திக்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து. தமிழ் இல்லை. எனக்கு ஆங்கிலம் வரும். கயத்தாறில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர் மின் ஆட்டோ வாங்கினால் எதை அழுத்துவார்? அந்தப் பக்கம் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், தூரத்திலிருந்தே இயந்திரத்தை அணைத்துப் போட்டார், மன்னிப்புக் கேட்டார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

அப்பா திரையில் வந்த வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே நின்றார். "லோடு ஏறும்போது வோல்டேஜ் படுத்துடுது. லைன் கடைசியில குடுத்திருக்கான். டிரான்ஸ்ஃபார்மர் பத்தல. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல" என்றார். அவர் சொன்னதை விளக்கி எழுதுகிறேன். ஒரு 60 கிலோவாட் சார்ஜர் இழுக்கிற மின்சாரம், பத்துப் பன்னிரண்டு வீடுகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏசி, வாட்டர் ஹீட்டர் எல்லாம் போட்டால் இழுக்கிற அளவு. அதற்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதற்கான செலவு, எஸ்டிமேட், அனுமதி, காத்திருப்பு எல்லாம் உண்டு. சார்ஜர் வைக்கிறவர் செலவைக் குறைக்க இருக்கிற லைனிலேயே ஒட்டிக்கொள்கிறார். வைத்த அன்றைக்குச் சோதனையில் ஓடியிருக்கும். சுற்றிலும் மோட்டார் ஓடுகிற பகலில் ஓடாது. மானியத்தைச் சார்ஜர் பெட்டிக்குக் கொடுப்பதைவிட அதன் பின்னால் உள்ள டிரான்ஸ்ஃபார்மருக்கும் கேபிளுக்கும் கொடுப்பது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது. பி.எம். இ-டிரைவில் இதற்கும் பணம் இருக்கிறது. அது இந்த மாதிரி இடங்களுக்கு முதலில் போய்ச் சேர வேண்டும்.

திருநெல்வேலி புறவழியில் அடுத்த சார்ஜர். அதன் எதிரே நீட்டமாக ஒரு டீசல் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே சாப்பிடப் போயிருந்தார்கள். ஓட்டல்காரர் மைக்கில் கூப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டே வந்தவர் முதலில் முகத்தைச் சுளித்தார். சார்ஜர் என்று தெரியாது, ஏதோ தண்ணீர் இயந்திரம் என்று நினைத்தாராம். வண்டியை நகர்த்திவிட்டு அங்கேயே நின்று எவ்வளவு ஆகிறது, எவ்வளவு ஓடும், பேட்டரி போனால் என்ன செய்வது என்று வரிசையாகக் கேட்டார். பத்து நிமிடம் பேசினோம். தரையில் பச்சைப் பெயின்டில் ஒரு கட்டம் போட்டிருந்தால் இந்தச் சங்கடமே வந்திருக்காது. இதற்கு எத்தனை கோடி வேண்டும்?

இந்தச் சார்ஜர் நடுவில் நிற்கவில்லை, ஒழுங்காக ஏறியது. சனிக்கிழமை என்பதால் அப்பா மறுபடி சைவம். எனக்குச் சொதி சாப்பாடு கிடைத்தது, 130 ரூபாய், இஞ்சிப் பச்சடியுடன்.

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி ஒரு மணி நேரப் பயணம். அங்கே சில்லாநத்தத்தில் இந்த மாதம் 4ஆம் தேதிதான் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலையை முதலமைச்சர் திறந்து வைத்தார். முதற்கட்டமாக வருடத்துக்கு 50,000 கார். ஒசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய். 2023ஆம் வருட மாநிலக் கொள்கை 50,000 கோடி முதலீடும் ஒன்றரை லட்சம் வேலையும் என்று இலக்கு வைத்தது. அதில் எனக்குப் பெருமைதான். என் வண்டிக்குச் சாலை வரி முழு விலக்கு கிடைத்ததும் அந்தக் கொள்கையால்தான், 2025 கடைசி வரை அது உண்டு என்று அறிவித்திருந்தார்கள். ஆலையைக் கொண்டுவர நிலம், தண்ணீர், மின்சாரம், சாலை எல்லாவற்றையும் ஒரே மேசையில் முடித்துக் கொடுக்கத் தெரிந்த மாநிலம் இது. அந்த ஆலையிலிருந்து வெளியே வருகிற கார் கயத்தாறில் நின்றால் சார்ஜ் ஏற வேண்டும் என்பதையும் அதே மேசைக்குக் கொண்டுவர முடியும். முடியும் என்று நம்புவதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

மாலை ஐந்தரைக்குப் பணகுடி. "வா மக்கா, அண்ணன் எளைச்சுட்டாரே" என்று அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு: பணகுடி

அதிகாலை நாலரைக்குப் பால் பொங்கியது. காற்றில் கற்பூரம் அணைந்துகொண்டே இருந்தது, அத்தான் வேட்டியை விரித்து மறைத்துப் பிடித்தார். ஊரே வந்திருந்தது. இட்லி, ரசவடை, கேசரி. மதியம் சாப்பாட்டில் அவியல், சிறு பயறுப் பருப்பு, பாலடைப் பாயசம். நாகர்கோவில் பக்கத்து வாசனை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

கூட்டம் கலைந்ததும் புது வீட்டு போர்டிகோவில் உள்ள 15 ஆம்ப் பிளக்கில் காரைப் போட்டேன். ஏறவில்லை. சார்ஜர் கட்டையில் சிவப்பு விளக்கு, எர்த் கோளாறு, அதாவது கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குகிற இணைப்பு சரியில்லை. வீட்டில் ஃபேன், டி.வி., கிரைண்டர் எல்லாம் ஓடுகின்றன, கார் மட்டும் மாட்டேன் என்கிறது.

அப்பா ஒரு டெஸ்ட் லேம்ப் கேட்டு வாங்கினார். சாதாரணக் குண்டு பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான். மின்சாரம் வருகிற ஃபேஸிலும் அது திரும்புகிற நியூட்ரலிலும் வைத்தார், பல்பு பளீரென்று எரிந்தது. நியூட்ரலில் இருந்த ஒயரை எர்த்துக்கு மாற்றினார். பல்பின் இழை மட்டும் சிவப்பாகத் தெரிந்தது, வெளிச்சமே இல்லை. "பாத்தியா, எர்த்து பேருக்குத்தான் இருக்கு." வயரிங் செய்த தம்பியைக் கூப்பிட்டார்கள். ஒரு கம்பி அடித்திருக்கிறேன் என்று அவர் காட்டிய இடம் பாறையும் சரளையுமாகக் கிடந்தது. கம்பி இரண்டடி கூடப் போயிருக்காது. ஃபேனுக்கு எர்த் இல்லாவிட்டாலும் ஓடும். கார் அப்படி இல்லை, எர்த் சரியில்லை என்றால் சார்ஜ் வாங்கவே வாங்காது. வண்டியைத் தொடுகிறவர்களின் உயிருக்கு அதுதான் பாதுகாப்பு.

அப்பாவின் முகத்தில் ஓய்வுபெற்ற பிறகு நான் பார்க்காத ஒரு சுறுசுறுப்பு. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடமாகப் பார்த்துக் குழி வெட்டச் சொன்னார். அங்கே மண் எப்போதும் ஈரமாக இருக்கும். கடப்பாரையால் வெட்டி ஆளுயரக் குழி எடுக்க மாலையாகிவிட்டது. நடுவில் துளை போட்ட ஜி.ஐ. பைப், சுற்றிலும் ஒரு அடுக்கு அடுப்புக்கரி, ஒரு அடுக்கு கல்லுப்பு, மறுபடி கரி, மறுபடி உப்பு. கரிக்கு அத்தை வீட்டுச் சமையல்காரர் விறகடுப்பிலிருந்து கொடுத்தார். உப்பு மூட்டை 180 ரூபாய். பைப்பின் வாயில் புனல் வைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். ஏழரைக்குத் திரும்ப டெஸ்ட் லேம்ப். இந்த முறை எர்த்திலும் பளீர். காரைச் செருகினேன், பச்சை.

வயரிங் தம்பி கூடவே நின்று ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். "இனிமே கட்டுற வீட்டுக்கெல்லாம் இப்படித்தான் போடுவேன் ஐயா" என்றார். இந்த வட்டாரத்தில் ஸ்கூட்டர்கள் நிறைய மின்சாரத்துக்கு மாறிவருகின்றன என்றும், சார்ஜ் ஏறவில்லை என்று பலர் கூப்பிடுகிறார்கள் என்றும், கம்பெனியில்தான் கோளாறு என்று இத்தனை நாளும் சொல்லி அனுப்பியதாகவும் அவரே சொன்னார். ஒவ்வொரு ஊரிலும் இவரைப் போன்ற வயரிங் வேலைக்காரர்களைக் கூட்டி இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் போதும். ஐ.டி.ஐ.கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

ஆகஸ்ட் 18, திங்கள்: முப்பந்தல்

அத்தானோடு ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை போனோம். காரை விட்டு இறங்கியதும் அப்பாவின் துண்டு பறந்துவிட்டது. இரண்டு மலைக்கு நடுவே காற்று குவிந்து வருகிறது, அதனால்தான் இங்கே இத்தனை காற்றாலைகள். மே முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கம் மின்சாரத்துக்குப் பஞ்சமே இல்லை. முட்டம் மீன் வண்டி ஒன்று சாலையோரம் நின்றிருந்தது. நெய்மீன் கிலோ 700 சொன்னார், பேரம் பேசி 620க்கு வாங்கினார் அத்தான்.

மத்திய வழிகாட்டுதலில் இன்னொரு நல்ல விஷயம் இருக்கிறது. காலை 9 முதல் மாலை 4 வரை, சூரிய மின்சாரம் மிதமிஞ்சி இருக்கிற நேரத்தில், சார்ஜிங் நிலையத்துக்குக் கொடுக்கிற மின்சாரத்தைச் சராசரி அடக்கவிலையில் 0.7 மடங்குக்குக் கொடுக்க வேண்டும், மற்ற நேரத்தில் 1.3 மடங்கு. நான் வழியில் எந்தச் சார்ஜரிலும் பகலுக்கு ஒரு விலை, இரவுக்கு ஒரு விலை பார்க்கவில்லை. விக்கிரவாண்டியில் இரவு ஏழு மணிக்கும் 22, திருநெல்வேலியில் உச்சிவெயிலில் 24. பகலில் 14, 15 ரூபாய் என்று பலகை தொங்கினால் டாக்சிக்காரர்கள் நேரத்தைப் பார்த்து நிறுத்துவார்கள். வரிசையும் பிரிந்துவிடும்.

சாயங்காலம் அத்தான் கணக்கு நோட்டோடு உட்கார்ந்தார். வீட்டுக்கு முன்னால் நெடுஞ்சாலையை ஒட்டி அவருக்குப் பத்துச் சென்ட் இருக்கிறது. அதில் ஒரு சார்ஜர் வைத்தால் என்ன என்று யோசிக்கிறார். அப்பா முதல் கேள்வியாகக் கேட்டது, "பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கே.வி.ஏ. மாப்ள?" டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு லோடு தாங்கும் என்கிற அளவு அது. அத்தானுக்குத் தெரியவில்லை. நாளைக் காலையில் இருவரும் வள்ளியூர் மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் விசாரிக்கப் போகிறார்கள். நானும் கூடப் போகிறேன். எஸ்டிமேட் எவ்வளவு, எத்தனை நாள் ஆகும், என்னென்ன காகிதம் கேட்கிறார்கள் என்பதை விவரமாக எழுதுகிறேன்.

இந்த வழியில் வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: திருச்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இரவில் ஒரே சார்ஜரை நம்பி வராதீர்கள். மதுரையில் விடுதி எடுக்கும்போது 15 ஆம்ப் பிளக் உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் தருகிறார்கள். கோவில்பட்டிக்குத் தெற்கே ஆவணி பாதி வரை காற்று இப்படித்தான் இருக்கும், ஐந்தில் ஒரு பங்கு தூரத்தைக் கழித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.